கடைப்பெட்டியா, கைப்பேசியா, வளவு வாசலா? குழந்தைக்கு ஐம்புலன் பழக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை இருக்கும் வீடுகளில், பார்த்தல், கேட்டல், முகர்தல், சுவைத்தல், தொட்டறிதல் ஆகியவற்றை அதற்கு எப்படிப் பழக்குவது என்ற பேச்சு எழும்போது, பெரும்பாலும் நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. இணையக் கடைகளில் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை விற்கப்படும் புலன் விளையாட்டுப் பெட்டிகளை வாங்கலாம். கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ கண், காது, மூக்கு என்று பாடிக் காட்டும் காணொளிகளைப் போட்டுவிடலாம். வீட்டிலுள்ள டப்பாக்களையும் துணிகளையும் கொண்டு விளையாட்டுப் பொருள்களை நாமே செய்துகொள்ளலாம். அல்லது தனியாக எதையும் தேடாமல், அடுப்படியிலும் வளவிலும் (வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) கொல்லையிலும் நடக்கும் அன்றாட வேலைகளுக்கு நடுவே குழந்தையை உடன் வைத்துக்கொண்டு பேசலாம். பாலர் பள்ளியையும் அங்கன்வாடியையும் ஐந்தாவது வழியாகச் சொல்பவர்கள் உண்டு. இங்கே கேள்வி வீட்டைப் பற்றியது என்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஒப்பிடுவதற்கு முன், எதைப் பழக்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கண்ணும் காதும் தாமாகவே வேலை செய்கின்றன. அந்த வேலையை யாரும் கற்றுத்தருவதில்லை. தொடுவுணர்வு கருவிலேயே மற்றவற்றுக்கு முந்தி உருவாகிவிடுகிறது; பிறந்த சில நாள்களிலேயே குழந்தை தாயின் குரலையும் மணத்தையும் அடையாளம் காண்கிறது; பார்வை மட்டும் பிறந்த பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளிவடைகிறது. ஆகவே நாம் பழக்குவது புலனை அன்று. இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வதையும், கண்டுகொண்ட அந்த நொடியிலேயே அதற்குரிய சொல் காதில் விழுவதையும்தான் பழக்குகிறோம். ஒன்றரை வயதை ஒட்டி மூக்கு எங்கே என்று கேட்டால் தொட்டுக்காட்டத் தொடங்கும் குழந்தை, ஒரே நிறப் பொருள்களை இணை சேர்க்க இரண்டு வயதுக்கு மேலும், நிறத்தின் பெயரைத் தவறாமல் சொல்ல மூன்று வயதைத் தாண்டியும் எடுத்துக்கொள்வது இயல்பு. புலன்கள் ஐந்து என்று விரல்விட்டு ஒப்பிப்பது இந்த வயதுக்கு உரியதே அன்று. விருந்தினர் முன் குழந்தையை நிறுத்தி அதை ஒப்பிக்கச் சொல்வது பெரியவர்களின் ஆசை மட்டுமே.

எதிலிருந்து தொடங்குவது என்பதும் இதோடு சேர்ந்தது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும்போது, தொட்டறிதலை முதலில் வைத்து, பின்னர் சுவை, மணம், காட்சி, கேள்வி என்று அடுக்குகிறது. அது குழந்தை வளர்ப்புக்காகச் சொல்லப்பட்டதன்று என்றாலும், சிறு குழந்தையோடு தொடங்குவதற்கு அந்த வரிசை பொருத்தமாகவே இருக்கிறது. கடைப்பெட்டிகள் பெரும்பாலும் நிறத்திலிருந்து, அதாவது வரிசையின் பிற்பாதியிலிருந்து தொடங்குகின்றன; கைப்பேசியோ காட்சியையும் ஒலியையும் தவிர வேறெதையும் தர இயலாதது. நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இரண்டு கேள்விகளால்தான்: பொருள் குழந்தையின் கைக்கு வருகிறதா, அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் பேசுகிறாரா.

கைப்பேசியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரை நேரம் பரிந்துரைக்கப்படுவதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஏறத்தாழ இரண்டரை வயது வரை, ஒரே செய்தியை நேரில் ஒருவர் செய்துகாட்டினால் கற்றுக்கொள்ளும் அளவுக்குத் திரையிலிருந்து குழந்தை கற்பதில்லை என்பதும் குழந்தை வளர்ச்சி ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒன்று. திரையில் தெரியும் எலுமிச்சை புளிப்பதில்லை. அதற்கு மணமும் இல்லை. படம் அச்சிட்ட அட்டைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பேரனோடு பள்ளத்தூரிலிருந்து அப்பத்தா காணொளி அழைப்பில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த முனையில் இருப்பவர் குழந்தையின் முகம் பார்த்து, அது கேட்பதற்குப் பதில் சொல்கிறார். இரு பக்கமும் ஆளுக்கொரு எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொண்டு கீறி முகர்ந்து பார்க்கும்படி அந்த அழைப்பை அமைத்துக்கொள்ளவும் முடியும்.

கடைப்பெட்டியை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் நல்ல சிந்தனை ஒன்று இருக்கிறது. 1939-ல் சென்னைக்கு வந்து, உலகப்போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, தாம் அமைத்த புலன் கருவிகளில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பண்பு மட்டும் வேறுபடும்படி பார்த்துக்கொண்டார். ஒலி உருளைகள் அனைத்தும் ஒரே அளவு, ஒரே வடிவம். குலுக்கும்போது எழும் ஓசை மட்டுமே மாறும். இளஞ்சிவப்புக் கட்டைகள் அனைத்தும் ஒரே நிறம். அளவு மட்டுமே மாறும். வீட்டுச் சாமான்கள் இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை: எவர்சில்வர் தம்ளரும் மண்சட்டியும் நிறம், எடை, குளிர்ச்சி, ஓசை என எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வேறுபடுவதால், எந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது குழந்தைக்குப் பிடிபடாமல் போகலாம். கடைப்பெட்டியின் உண்மையான வலிமை இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. மாண்டிசோரியின் இந்தக் கருவிகள் ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக அமைக்கப்பட்டவை. விற்பனைக்காக அவற்றைச் சுருக்கி, ‘ஒரு வயதிலிருந்து’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கிறார்கள். சில பெட்டிகளில் தண்ணீரில் போட்டால் பல மடங்கு ஊதிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் வருகின்றன. அவற்றை விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைப்பை ஏற்படுத்தும் என்பதால், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அவை வரவே கூடாது. பாடும் பொம்மைகளிலுள்ள பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகத் தொடங்கும். பேட்டரி அறையின் மூடி திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அத்தகைய பொம்மையைக் கையில் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. திருவிழாக் கடையாயினும் இணையக் கடையாயினும் அதைத் தேடிப் பார்ப்பது நலம். இவ்வளவும் கடந்து ஒரு பொருள் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களைப் பரிந்துரைப்பேன். அடுப்படிச் சாமான்கள் அத்தனை வரிசையான அளவில் அமைவது அரிது.

இனி வீடு. செட்டிநாட்டுப் பழைய வீடு தொட்டறிவதற்கென்றே கட்டப்பட்டதோ என்று தோன்றும் அளவுக்கு அதன் பரப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை வார்த்துச் செய்யப்படுவது. சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தப்படுவதால், அதன் முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது, நடக்க நடக்க இன்னும் மெருகேறுகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் கன்னத்தை வைத்தால் வெயில் காலத்திலும் குளுமை தெரியும். பர்மாத் தேக்குத் தூண் ஒரு மாதிரி, அதன் கீழே இருக்கும் கல் ஒரு மாதிரி, முகப்புத் திண்ணை ஒரு மாதிரி. இரண்டு வயதுக் குழந்தையை வெறுங்காலோடு முகப்பிலிருந்து வளவு வழியாகப் பின்புறத்து இரண்டாங்கட்டு வரை கையைப் பிடித்து நடத்திச் சென்றால், பத்தடிக்கு ஒரு முறை காலுக்கடியில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே வரும். அந்தந்த இடத்தில் நின்று ‘வழுவழு’, ‘சொரசொர’, ‘சிலுசிலு’ என்று சொன்னால் போதும். இரட்டித்து வரும் இத்தகைய சொற்கள் இந்த வயதின் நாக்குக்கு எளிதில் வசப்படுவதால், ஒரு சில நாள்களிலேயே குழந்தை தானே சுவரைத் தட்டிச் சொல்லத் தொடங்கும். இதே வகையில் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை, தடுக்கு என்னும் சிறு பாய், முறுக்கான கண்டாங்கிச் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட வேட்டி ஆகியவற்றை மடியில் போட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். ஓலையின் விளிம்பு விரலைக் கீறக்கூடும் என்பதால் கொட்டானின் வாய்க்கட்டு பிரிந்திருக்கக் கூடாது.

எல்லோருக்கும் வளவு வீடு வாய்ப்பதில்லை என்ற மறுப்பு நியாயமானது. பெரிய வீடுகள் பலவும் திருமணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. சிறு குழந்தையோடு குடியிருப்பவர்களில் பலர் காரைக்குடியில் இரண்டு அறை வாடகை வீட்டிலோ அடுக்ககத்திலோ இருக்கிறார்கள். அங்கே தரை முழுவதும் ஒரே டைல்ஸ்தான். தொடுதலைப் பொறுத்தவரை அந்த வீட்டுக்குத் துணிப்பையும் டப்பாவும்தான் கைகொடுக்கும். மணத்தைப் பொறுத்தவரை இரண்டு வீட்டுக்கும் வேறுபாடு இல்லை, ஏனென்றால் அடுப்படி இல்லாத வீடு இல்லை.

மணத்தில் எந்தக் கடைப்பெட்டியும் செட்டிநாட்டு அடுப்படிக்கு ஈடாகாது. பட்டை, கிராம்பு, ஏலம், சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ, வறுபடும் மல்லி, நெய், கறிவேப்பிலை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே அடையாளம் காணத்தக்கவை. பெட்டிகளில் வரும் செயற்கை வாசனைப் புட்டிகள் சில மாதங்களில் ஒரே மாதிரி மணக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளில் இரண்டு மணங்களுக்கு மேல் கொடுக்காமல், ஒன்றை முகரச் செய்து, பெயர் சொல்லி, பிறகு மற்றதைத் தருவது நல்லது. இங்கே கவனமும் வேண்டும். மிளகாய்ப் பொடி, மிளகுப் பொடி போன்றவற்றை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. எதையும் பொடியாக்காமல் முழுதாக ஒரு பருத்தித் துணியில் வைத்து இறுக முடிந்து கொடுக்க வேண்டும். பூசையறைக் கற்பூரம் நல்ல மணம்தான் என்றாலும், சிறு குழந்தை சிறிதளவு வாயில் போட்டுக்கொண்டாலும் வலிப்பு வரலாம் என்பதால் அது விளையாட்டுப் பொருளே அன்று. பீரோவில் போடும் அந்துருண்டையும் நீலகிரித் தைலமும் அப்படியே. மஞ்சளைத் தூளாக அன்றி விரலி மஞ்சளாக வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நிறம் கூட்டுவதற்காகத் தூளில் ஈயம் கலந்த வேதிப்பொருள் சேர்க்கப்படுவது பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது.

சுவையில் போட்டியே இல்லை. அதை விற்க முடியாது, திரையில் காட்டவும் முடியாது. இலையில்தான் பழக்க முடியும். நம் மரபு சுவையை ஆறாக எண்ணினாலும், மிளகாயின் உறைப்பு நாக்கின் சுவை மொட்டுகளால் உணரப்படுவதன்று. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளால் உணரப்படுவது. ஆகவே ‘நம்ம ஊர்ப் பிள்ளை காரம் சாப்பிட வேண்டாமா’ என்று பெருமைக்காக ஒன்றரை வயதில் காரக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைப்பதில் பழக்கம் எதுவும் இல்லை, வலி மட்டுமே இருக்கிறது. (உணவகப் பலகைகள் அறிவிக்கும் அளவுக்கு நம் வீட்டுச் சமையலில் காரம் இருப்பதும் இல்லை.) கவுனி அரிசியின் இனிப்பு, மோரின் புளிப்பு, நெல்லிக்காயின் துவர்ப்பு, பாகற்காயின் கசப்பு என்று மிகச் சிறு அளவில் வைத்து, துப்பினால் துப்பட்டும் என்று விட்டுவிட வேண்டும். கசப்பை மறுப்பது பிறவிக் குணம். இரண்டு வயதை ஒட்டிப் புதிய உணவு எதையுமே மறுக்கும் காலமும் சேர்ந்துகொள்ளும். ஒரு புதிய சுவையைக் குழந்தை ஏற்க 8 முதல் 15 முறை வரை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதால், மூன்று முறையில் கைவிடுவது பொறுமைக் குறைவு. முழு நிலக்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை, கடினமான தேங்காய்ச் சில்லு ஆகியவை நான்கு வயது வரை மூச்சுக்குழாய்க்கு ஆபத்தானவை. தேன்குழலையும் சீடையையும் பொறுத்தவரை, சீடையைத் தள்ளிப்போடலாம். தேன்குழலை ஒடித்து நன்றாக நொறுக்கிக் கொடுத்தால் காதுக்கும் நாக்குக்கும் சேர்த்தே வேலை கிடைக்கும்.

நாமே செய்யும் டப்பாக்களுக்கு உரிய இடம் கேட்கும் புலன். மாண்டிசோரியின் கருத்தைச் செலவில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவர இதுவே ஏற்றது. ஒரே மாதிரியான ஆறு சிறு டப்பாக்களை எடுத்து, இரண்டில் அரிசி, இரண்டில் மணல், இரண்டில் சிறு கூழாங்கல் என்று இட்டு, மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டால், குலுக்கி இணை சேர்க்கும் விளையாட்டு அமைந்துவிடும். பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் குன்றிமணியை மட்டும் இதற்கு எடுக்கவே கூடாது. அந்த விதை கொடிய நச்சுடையது, மூடி திறந்துகொண்டால் விபரீதமாகும். புளியங்கொட்டையும் சோழியும் நஞ்சல்ல என்றாலும் தொண்டையை அடைக்கும். எந்தப் பொருள் ஆபத்தான அளவு என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது: பொம்மைகளைச் சோதிக்கும் குழலின் விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தைவிடச் சற்றே பெரிய வாயுள்ள குழலுக்குள் முழுதாக இறங்கிவிடும் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் தனியாக விடக் கூடாது. டப்பா விளையாட்டுக்கு அடுத்தபடியாக, துணிப்பைக்குள் கையை விட்டு மரக்கரண்டியா, தம்ளரா, ஓலைக் கிலுகிலுப்பையா என்று பாராமலேயே கண்டுபிடிக்கும் விளையாட்டு இரண்டரை வயதுக்கு மேல் நன்றாகப் பிடிபடும். அதற்கு முன்பு குழந்தை பையையே கவிழ்த்துவிடும்; அதுவும் விளையாட்டுதான்.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு, பழைய மரப்பொம்மைகளையும் வண்ணமிட்ட மங்கு (எனாமல்) கிண்ணங்களையும் குழந்தைக்கு வாங்கித் தரும் ஆசை வரலாம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயிண்ட் உரியும் பழைய கதவும் சன்னலும் உள்ள பூர்வீக வீட்டுக்கு விடுமுறையில் வருபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். வளவு வாசலில் மழைநீர் பிடிக்கும் அண்டாவுக்கும் தொட்டிக்கும் அருகே குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. சில அங்குலத் தண்ணீரே மூழ்குவதற்குப் போதும். வெயிலில் காய்ந்த வாசல் கல் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால், சூடு, குளிர் பற்றிய பாடத்தைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

முடிவெடுப்பவர்கள் தங்கள் வீட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது பொருளன்று, பகலில் குழந்தையோடு இருக்கும் பெரியவரின் நேரம்தான். ஆயாவோ அப்பத்தாவோ ஐயாவோ, அதாவது பாட்டியோ தாத்தாவோ, உடனிருக்கும் வீட்டில் எதையும் வாங்க வேண்டியதில்லை. அவர்கள் கீரை ஆய்வதும் மல்லி புடைப்பதும் பூத்தொடுப்பதுமே போதும், முழங்கால் வலி உள்ளவர்களிடம் ஓடியாடும் குழந்தையை முழுநேரமும் ஒப்படைக்காமல் இருந்தால் சரி. தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், இரவுச் சமையலின்போது அரை மணி நேரம் குழந்தையை அடுப்பிலிருந்து எட்டத் தரையில் உட்காரவைத்துக் கறிவேப்பிலை உருவச் சொல்வதும், ஞாயிற்றுக்கிழமை செய்துவைத்த டப்பாக்களும் சேர்ந்தால் அதுவே நிறைவான ஏற்பாடு. பகலில் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் கைப்பேசி தானாகவே நுழைந்துவிடுகிறது. அங்கே மட்டும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, பேட்டரியில்லாத ஒரு பெட்டியை வாங்கி, அதை வைத்துக் குழந்தையோடு விளையாடப் பார்த்துக்கொள்பவருக்குக் கற்றுக்கொடுப்பது செலவுக்கு ஏற்ற பயன் தரும் என்று நினைக்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் விளையாட்டின்போதே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு வயதுக் குழந்தை பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றாலோ, இரண்டு வயது நிறைந்தும் ‘அம்மா வா’ என்பது போல் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, பொருளைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தாலோ, விளையாட்டை மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013-ல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரு முறை பரிசோதனை செய்யப்படுகிறது. செவி, பார்வைக் குறைகளும் அதில் அடங்கும், கட்டணம் இல்லை.

மூன்று வயது நிறைந்த பிறகு கடைப்பெட்டியைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். அப்போது குழந்தை எதையும் வாயில் வைக்கும் பழக்கம் குறைந்திருக்கும், இணை சேர்ப்பதில் ஆர்வம் கூடியிருக்கும், ஒலி உருளைகளும் நிறப் பலகைகளும் அவை எந்த வயதுக்காக அமைக்கப்பட்டனவோ அந்த வயதை எட்டியிருக்கும்.